ஒரே பெயர், இரண்டு வேகம்

மும்பை லாமிங்டன் ரோட்டில் கம்ப்யூட்டர் சாமான் வாங்கப் போகிறவர்கள் காதில் அடிக்கடி விழும் கேள்வி ஒன்று உண்டு. “பாக்ஸ் பீஸ் சாஹியே யா லூஸ்?” அட்டைப் பெட்டியோடு வேண்டுமா, வெறும் சரக்காக வேண்டுமா? பெட்டியோடு என்றால் ஒரு விலை. பெட்டி இல்லாமல், வெள்ளிக் காகிதம் போன்ற உறையில் சுற்றியபடி வாங்கிக்கொள்ளத் தயார் என்றால் சில நூறு ரூபாய், சில சமயம் ஆயிரம் ரூபாய்கூடக் குறையும். தயங்குகிற வாடிக்கையாளருக்கு ஒரு சமாதானமும் தயாராக இருக்கும். “அந்தர் கா மால் ஏக் ஹி ஹை, ஸாப்.” உள்ளே இருக்கிற சரக்கு ஒன்றுதான்.

பல சமயம் அது உண்மை. சில சமயம் பாதி உண்மை. மீதிப் பாதியைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் இந்த வாரத்துச் சமாசாரம்.

கிராண்ட் ரோடு ஸ்டேஷனுக்குக் கிழக்கே இருக்கும் இந்தத் தெருவுக்கு 1903 முதல் 1907 வரை பம்பாய் கவர்னராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயர். மாநகராட்சிப் பலகையில் டாக்டர் பட்கம்கர் மார்க் என்று மாறிப் பல காலம் ஆகிவிட்டது. வியாபாரிகளின் வாயில் இன்னும் லாமிங்டன் ரோடுதான். சென்னைக்கு ரிச்சி தெரு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு, டெல்லிக்கு நேரு பிளேஸ் எப்படியோ, மும்பைக்கு இது அப்படி. தாராவிக்காரர்கள் மாஹிமில் ரயில் ஏறுவார்கள். மாட்டுங்காவில் இருப்பவர்களுக்கு மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனிலிருந்து நேர் வண்டி. செம்பூர்க்காரர்கள்தான் பாவம், குர்லாவில் ஒரு தடவை, தாதரில் ஒரு தடவை மாறிப் போக வேண்டும். அனிமேஷன் படிக்கும் பையன், ஆர்க்கிடெக்சர் படிக்கும் பெண், கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர், ஃப்ளெக்ஸ் பேனர் அடிப்பவர் என்று எல்லோருமாகத் தேடிப் போகும் சரக்கு ஒன்று உண்டு. அதுதான் கிராஃபிக்ஸ் கார்டு.

திரையில் தெரியும் படத்தைப் புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டு வரைந்து தருவது இந்தக் கார்டின் வேலை. அதன் நடுவே இருக்கும் சில்லுக்கு ஒரு தாளம் உண்டு. ஒரு விநாடிக்கு எத்தனை தட்டு என்பதுதான் கிளாக் வேகம். ஒரு மெகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்குப் பத்து லட்சம் தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் வேலை நடக்கிறது. சில்லின் மற்ற அம்சங்கள் எல்லாம் ஒன்றாக இருந்தால், தட்டு அதிகம் உள்ள கார்டு அதிக வேலை பார்க்கும். தாளத்தை நிர்ணயிப்பது கார்டிலேயே பதிவாகியிருக்கும் பயாஸ் என்னும் சிறு நிரல். எண்ணை அங்கே மாற்றி எழுதினால், ஆணி ஒன்றைக்கூடக் கழற்றாமல், அதே கார்டு மெதுவாகவோ வேகமாகவோ ஓடும். வெளியே இருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது.

கம்ப்யூட்டர் உதிரிபாகங்கள் இரண்டு வழியாகச் சந்தைக்கு வருகின்றன. ஒன்று சில்லறை வழி: வண்ணப் பெட்டி, குறிப்புப் புத்தகம், உத்தரவாதச் சீட்டு, வாங்குகிறவர் நீங்களும் நானும். இன்னொன்று ஓ.ஈ.எம். வழி: முழுக் கம்ப்யூட்டர் செய்து விற்கும் கம்பெனிகளுக்காக நூறு நூறாக, ஆயிரம் ஆயிரமாக அட்டைத் தட்டில் அடுக்கிப் போகிற சரக்கு. பெட்டி கிடையாது, கேபிள் கிடையாது. அதில் மிஞ்சுவதும் மாற்றி விற்கப்படுவதும் கடைத் தெருவுக்கு வந்து ‘லூஸ்’, ‘பல்க்’, ‘ட்ரே’ என்ற பெயர்களில் உலவுகின்றன.

மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதை மும்பைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1975ல் தொடங்கிய மும்பை கிராஹக் பஞ்சாயத் மளிகைச் சாமான்களை மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தே பேர் வாங்கியது. ஆனால் அங்கே துவரம்பருப்பு அதே துவரம்பருப்பு. ஓ.ஈ.எம். கார்டு விஷயத்தில் விலை மட்டும் குறைகிறதா, தாளமும் சேர்ந்து குறைகிறதா என்பதுதான் கேள்வி.

இதற்குப் பாடப் புத்தகத்தில் சேர்க்கத் தகுந்த உதாரணம் ஏ.டி.ஐ. என்ற கனடா கம்பெனியின் ரேடியான் 8500. இந்தக் கம்பெனியை 2006ல் ஏ.எம்.டி. வாங்கிவிட்டது. 2001ல் அந்தக் கார்டு வந்தபோது, பெட்டியில் விற்ற சில்லறைக் கார்டின் சில்லு 275 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. நினைவகமும் அதே 275. பெட்டி இல்லாமல் போன ஓ.ஈ.எம். கார்டு இரண்டிலும் 250. பெயரோ இரண்டுக்கும் ரேடியான் 8500 என்பதுதான். ஒரு விநாடிக்கு இரண்டரைக் கோடி தட்டு குறைவு. நினைவகத்திலிருந்து ஒரு விநாடியில் எடுக்கக்கூடிய தகவலின் அளவு 8.8 கிகாபைட்டிலிருந்து 8 கிகாபைட்டாக இறங்கியது. கணக்குப் பார்த்தால் 9 சதவீதம் குறைவு. பெட்டியோடு வந்த கார்டைச் சோதித்துப் பத்திரிகைகள் எழுதிய பாராட்டைப் படித்துவிட்டு, பெட்டி இல்லாததை வாங்கியவருக்கு அந்தப் பாராட்டு முழுதாகப் பொருந்தவில்லை. பிற்பாடு 250 ரகத்துக்கு 8500 எல்.இ. என்று தனிப் பெயர் வந்தது. இரண்டு எழுத்தில் பிரச்னை தீர்ந்திருக்கக்கூடிய விஷயம்.

கம்பெனிகள் ஏன் இப்படிச் செய்கின்றன? ஏமாற்ற வேண்டும் என்று மட்டும் நினைத்து அல்ல. மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, சில்லுகள் எல்லாம் ஒரே மாதிரி பிறப்பதில்லை. ஒரே சிலிக்கன் தகட்டில் நூற்றுக்கணக்கில் அச்சாகும் சில்லுகளில் சில 275ல் அலுங்காமல் ஓடும். சில 250க்கு மேல் போனால் தடுமாறும். தடுமாறுகிறவற்றைக் குப்பையில் போடுவதைவிட, குறைந்த தாளத்தில் ஓடவிட்டுக் குறைந்த விலைக்கு விற்பது புத்திசாலித்தனம்.

இரண்டாவது, சூடும் மின்சாரமும். தட்டு கூடினால் சூடு கூடும். பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர் கூடு குறுகலானது, மின்விசிறி சிறியது, மின்சாரம் தரும் சப்ளை அளவாகவே இருக்கும். அதற்குள் பூட்டுகிற கார்டு கொஞ்சம் நிதானமாக ஓடினால் பழுதாகித் திரும்பி வருவது குறையும்.

மூன்றாவது, சுத்தமான வியாபாரம். நன்றாக ஓடக்கூடிய சில்லையே வேண்டுமென்று அடக்கி, மலிவு ரகம் என்று விற்பதும் உண்டு. 1998ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ இதற்குப் பிரசித்தமான சாட்சி. போர்டின் தாளம் 66 மெகாஹெர்ட்ஸ். அதை நாலரையால் பெருக்கினால் 300. போர்டை 100க்கு மாற்றினால் அதே சில்லு 450ல் ஓடும். உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர் பித்தர்கள் அப்படி ஓட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலான சில்லுகள் ஓடின. மேலே எழுதியிருந்த 300 சில்லின் சக்தியைச் சொல்லவில்லை. கம்பெனியின் விலைப் பட்டியலைச் சொன்னது.

அதே தந்திரத்தைத் தெருவும் கற்றுக்கொண்டது. 1990களில் குறைந்த வேகப் பிராசஸரின் மேல் எழுத்தைச் சுரண்டிவிட்டு, அதிக வேகத்தை அச்சடித்து விற்கும் ‘ரீமார்க்’ வியாபாரம் ஆசியச் சந்தைகளில் கொடிகட்டிப் பறந்தது. இன்டெல் பெருக்கல் எண்ணைப் பூட்டி வைத்த பிறகுதான் அது அடங்கியது. இதில் கவனிக்க வேண்டியது: எழுத்தைச் சுரண்டுகிறவன் மோசடிக்காரன், ஒரே பெயரில் இரண்டு வேகம் விற்கிற கம்பெனிக்கு அந்தப் பட்டம் கிடைப்பதில்லை. காசு கொடுத்தவருக்கு நஷ்டம் என்னவோ ஒரே ஜாதிதான்.

மாட்டுங்காவில் காப்பிப்பொடி வாங்கியவர்களுக்கு இதில் உள்ள நியாயம் சட்டென்று புரியும். அரைக்கும் முன் சிக்கரி எவ்வளவு என்று கேட்பார்கள். சிலருக்குச் சிக்கரி கலந்தால்தான் டிகாஷன் திக்காக இறங்கும், விலையும் கைக்கு அடக்கம். வேறு சிலர் கலப்பே கூடாது என்பார்கள். இரண்டு பேரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள், ஏனென்றால் கலப்பு சொல்லி நடந்தது. சிக்கரி கலந்த காப்பிப் பொட்டலத்தில் காப்பி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டாக வேண்டும். காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இது நம் நாட்டு உணவுச் சட்டம். பத்து ரூபாய்ப் பொட்டலத்துக்கு இருக்கிற இந்த ஒழுங்கு, பத்தாயிரம் ரூபாய்க் கார்டுக்கு இல்லை.

பெட்டி வாங்கிவிட்டால் பிரச்னை தீர்ந்தது என்று நிம்மதி அடைய வேண்டாம். ஓ.ஈ.எம். வியாதி பெட்டிக்குள்ளும் புகுந்து வருஷங்கள் ஆகின்றன. என்விடியாவின் ஜி.டி. 1030 மலிவு விலைக் கார்டு. 2017ல் வந்தபோது அதில் ஜி.டி.டி.ஆர்.5 என்ற வேகமான நினைவகம் இருந்தது. 2018ல் அதே பெயரில், சாதாரண டி.டி.ஆர்.4 நினைவகத்தோடு இன்னொரு ரகம் வந்தது. சில்லின் உச்சத் தாளம் 1468லிருந்து 1379 மெகாஹெர்ட்ஸாக இறங்கியது. அது சின்னக் குறை. நினைவகத்திலிருந்து தகவல் வரும் வேகம் விநாடிக்கு 48 கிகாபைட்டிலிருந்து 16.8 கிகாபைட்டாக விழுந்தது. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். குடும்பப் பெயர், இனிஷியல் எல்லாம் ஒன்று, ஆள் வேறு.

போட்டிக் கம்பெனியும் சளைத்ததல்ல. ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 560 கார்டு 1024 கணக்குப் பிரிவுகளோடு 2017ல் அறிமுகமானது. பிறகு சத்தமில்லாமல் 896 பிரிவுகள் கொண்டதும் அதே பெயரில் கடைகளுக்கு வந்தது. பத்திரிகைகள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகு, அந்த வருஷம் டிசம்பரில் கம்பெனி வருத்தம் தெரிவித்தது. 2022ல் என்விடியா மறுபடியும்: ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டில் 12 கிகாபைட் ரகத்தின் தகவல் வேகம் 360. பின்னால் வந்த 8 கிகாபைட் ரகத்தில் 240. கிளாக் வேகம் இரண்டிலும் ஒன்றே. நினைவகம் கொஞ்சம் குறைவு என்று நினைத்து வாங்கியவருக்கு, நினைவகத்துக்குப் போகிற பாதையும் மூன்றில் ஒரு பங்கு குறுகிப்போனது பெயரில் தெரிய வழியில்லை.

ஆகவே மெகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போவதும் சரியில்லை. 2012ல் வந்த ஜி.டி.எக்ஸ். 660 இதற்கு வேடிக்கையான உதாரணம். சில்லறை ரகம் 980 மெகாஹெர்ட்ஸ், ஓ.ஈ.எம். ரகம் 823 தான். ஐயோ, ஏமாற்றிவிட்டார்களே என்று தோன்றும். ஆனால் சில்லறைக் கார்டில் கணக்குப் பிரிவுகள் 960, ஓ.ஈ.எம். கார்டில் 1152. பிரிவை வேகத்தால் பெருக்கிப் பாருங்கள்: ஒன்றுக்கு 9 லட்சத்து 40 ஆயிரத்துச் சொச்சம், இன்னொன்றுக்கு 9 லட்சத்து 48 ஆயிரம். ஆள் கூட்டம் அதிகம், நடை மெதுவு. மொத்த வேலை ஏறக்குறைய சமம். பெயர் மட்டுமல்ல, ஒற்றை எண்ணும் முழுக்கதையைச் சொல்லாது.

இதற்குமேல் 2012 முதல் இன்னொரு குழப்பம். அதுவரை கிளாக் வேகம் என்றால் கார்டு வேலை செய்யும்போது ஓடும் நிலையான எண். அந்த ஆண்டு என்விடியா கொண்டுவந்த ‘பூஸ்ட்’ முறையில், சூடும் மின்சாரமும் அனுமதிக்கும்வரை கார்டு தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்ளும், சூடேறினால் குறைத்துக்கொள்ளும். பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுவது பெரும்பாலும் இந்த பூஸ்ட் எண். குளிர்சாதனம் வைத்த அறையில் அது கிடைக்கும். மே மாதத்து மதியம், தாராவியில் தகரக் கூரைக்கு நேர் கீழே இருக்கும் மாடி அறையில் கிடைக்குமா? அங்கே ‘ஓ.சி.’ என்று முத்திரை குத்திக் கூடுதல் விலைக்கு விற்கும் கார்டு, சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, சாதாரணக் கார்டோடு ஒரே வரிசையில் வந்து நிற்கலாம். அப்படிப்பட்ட வீட்டுக்கு நிதானமாக ஓடும் ரகமும், கூட ஒரு நல்ல மின்விசிறியும்தான் சரியான தேர்வு. மெதுவான கார்டு கெட்ட கார்டு அல்ல. எது மெதுவானது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இன்று பலர் தனிக் கார்டே வாங்குவதில்லை, லேப்டாப்தான் வாங்குகிறார்கள். அவர்களுக்கு இந்தப் பிரச்னை இல்லை என்றால் தவறு, அவர்களுக்குத்தான் பெரிது. லேப்டாப்பில் இருக்கும் கிராஃபிக்ஸ் முழுக்க முழுக்க ஓ.ஈ.எம். சரக்கு. ஆர்.டி.எக்ஸ். 3060 லேப்டாப் சில்லுக்கு 60 வாட் முதல் 115 வாட் வரை மின்சாரம் கொடுக்கலாம் என்று தயாரித்தவர்களே வரம்பு வகுத்தார்கள். எவ்வளவு கொடுப்பது என்பது லேப்டாப் கம்பெனியின் இஷ்டம். அதற்கேற்ப பூஸ்ட் வேகம் 1283 மெகாஹெர்ட்ஸ் முதல் 1703 வரை மாறும். மேலே ஒட்டியிருக்கும் பச்சை ஸ்டிக்கர் ஒன்றே. பழைய ரேடியானில் பத்து சதவீதமாக இருந்த இடைவெளி இங்கே 33 சதவீதம். விமர்சனம் கிளம்பியதும் 2021ல் என்விடியா, வாட் கணக்கையும் கிளாக் வேகத்தையும் இணையதளத்தில் வெளியிடும்படி லேப்டாப் கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது. இணையதளத்தின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பது, கடையில் விலையைக் கேட்டு நிற்கிறவருக்கு எட்டுமா என்பது வேறு கேள்வி.

பத்து சதவீதத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். விளையாடுகிற பிள்ளைக்கு நிஜமாகவே அது பெரிய விஷயமில்லை. விநாடிக்கு அறுபது படம் ஐம்பத்தைந்தாகும், கண் கண்டுபிடிக்காது. தொழிலுக்கு வாங்குகிறவர் கதை வேறு. அனிமேஷன் காட்சி ஒன்றைத் தயார் செய்ய வேகமான கார்டு பத்து மணி நேரம் எடுத்தால், அதே பெயருள்ள மெதுவான கார்டு பதினொரு மணி நேரம் எடுக்கலாம். மாலையில் போட்டுவிட்டுத் தூங்கி, காலையில் எடுத்துக்கொண்டு கல்லூரிக்கு ஓடுகிறவனுக்கு அந்த ஒரு மணி நேரம், சமர்ப்பிக்க வேண்டிய நேரத்தைத் தாண்டிப் போகிற ஒரு மணி நேரமாக இருக்கலாம். நினைவகமே மாறிய ஜி.டி. 1030 போன்ற கார்டு என்றால் வேலை பாதி வேகத்துக்கும் கீழே இறங்கும். நகையை வைத்து, சீட்டு எடுத்து, பையனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தருகிற வீட்டில், ‘உன் படம் ஏன் இன்னும் முடியவில்லை’ என்ற கேள்வி பையனிடம்தான் கேட்கப்படும், கார்டிடம் அல்ல. அவனும் தனக்குத்தான் வேலை தெரியவில்லை என்று நம்பிக்கொண்டிருப்பான்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, திறன் ஆகியவற்றைத் தெரிந்துகொள்வது வாங்குகிறவரின் உரிமை என்று சொல்கிறது. ஒரு ரகத்தை வேறு ரகம் என்று சொல்லி விற்பது நியாயமற்ற வியாபார முறை. பில் தராமல் இருப்பதும் அதே சட்டப்படி நியாயமற்ற வியாபார முறைதான். 2011ஆம் ஆண்டுப் பொதியப்பட்ட பொருள் விதிகள், சில்லறைப் பெட்டியின் மேல் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, புகார் செய்யும் இடம் எல்லாம் இருக்க வேண்டும் என்கின்றன. தொழிற்சாலைகளும் நிறுவனங்களும் தங்கள் உபயோகத்துக்கு வாங்கும் பொதிகளுக்கு இதில் விலக்கு உண்டு. அந்த விலக்கோடு பயணம் செய்த சரக்கு வழி மாறிக் கடைக்கு வரும்போது, விலையும் முகவரியும் இல்லாத அநாதையாக வந்து நிற்கிறது. சில்லறைப் பெட்டியிலும்கூட மெகாஹெர்ட்ஸ் எத்தனை என்று எழுதச் சொல்லும் விதி கிடையாது.

உத்தரவாதத்திலும் இதே பிளவு. பெட்டியில் வரும் இன்டெல் பிராசஸருக்கு மூன்று வருஷ உத்தரவாதத்தை இன்டெல்லே தருகிறது. ட்ரேயில் வந்தது பழுதானால், விற்றவரைத்தான் பார்க்க வேண்டும். விற்றவர் நல்லவராக இருந்து, கடையும் அதே இடத்தில் இருந்தால் மாற்றிக் கொடுப்பார்.

லாமிங்டன் ரோட்டுக் கடைக்காரரையே வில்லனாக்குவதும் நியாயமில்லை. கைக்குட்டை அகலக் கடை. வாடகை ஏறிக்கொண்டே போகிறது. இணைய வியாபாரம் வாடிக்கையாளரைக் கொண்டுபோகிறது. அவருக்கு மேலே இருக்கும் மொத்த வியாபாரி சீட்டில் எழுதித் தந்த பெயரைத்தான் அவர் திருப்பிச் சொல்கிறார். இரண்டு ரகத்துக்கும் ஒரே பெயர் வைத்தது அவரில்லை. ‘உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான்’ என்று அவர் சொல்லும்போது, பல தடவை அவரே அதை நம்பித்தான் சொல்கிறார். தாராவியில் தோல் பை தைக்கிறவர்களுக்கு இந்த நிலைமை அத்துபடி. ஒரே தையல் மிஷினில் இரண்டு தரத்துத் தோல் ஓடும்; எந்த முத்திரை எதன் மேல் என்று தீர்மானிப்பவர் மிஷினை ஓட்டுகிறவர் அல்ல.

வாங்கப் போகிறவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. வெறும் பெயரைக் கேட்காமல் நாலு விஷயம் கேட்க வேண்டும்: சில்லின் கிளாக் வேகம் எவ்வளவு, நினைவகம் எந்த வகை, நினைவகப் பாதை எத்தனை பிட் அகலம், கணக்குப் பிரிவுகள் எத்தனை. லேப்டாப் என்றால் ஐந்தாவதாக, கிராஃபிக்ஸுக்கு எத்தனை வாட். கார்டின் பின்பக்கம் இருக்கும் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் குறித்துக்கொண்டு, கம்பெனியின் இணையதளத்தில் ஒத்துப் பார்க்க வேண்டும். கடையிலேயே கம்ப்யூட்டரில் பூட்டி ஜி.பி.யூ.-இசட் என்ற இலவச நிரலை ஓட்டச் சொல்லலாம். இந்த நாலு எண்ணும் ஒரே திரையில் வரும். பழைய கார்டின் பயாஸைத் திருத்திப் புதுப் பெயர் சூட்டிய போலிகளைக்கூட அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து நிமிஷ வேலை. மறுக்கிற கடையிலிருந்து மரியாதையாக வெளியே வந்துவிடலாம். அடுத்த கடை பத்தடி தூரம்தான்.

அடுத்தது பில். ‘பில் வேண்டாம் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம்’ என்பது இந்தத் தெருக்களின் பழைய தாலாட்டு. தூங்கிவிடக் கூடாது. பில்லில் பெயரோடு மாடல் எண், சீரியல் எண், நினைவக வகை எல்லாம் எழுதச் சொல்லி வாங்கினால், சொன்னதும் கொடுத்ததும் வேறு என்று பின்னால் நிரூபிக்க அது ஒன்றே போதும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்யலாம். தீராவிட்டால் இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. புதிய சட்டத்தில், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். திருநெல்வேலியில் இருந்துகொண்டு மும்பையில் வாங்கியவரும் திருநெல்வேலியிலேயே கேட்கலாம். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்கிறவரும் நுகர்வோர்தான் என்று சட்டம் ஏற்கிறது. எனவே ஃப்ளெக்ஸ் பேனர் கடைக்காரருக்கும் வழி இருக்கிறது.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு முன்னுதாரணமும் உண்டு. ஜி.டி.எக்ஸ். 970 கார்டில் 4 கிகாபைட் நினைவகம் என்று விற்றார்கள். அதில் கடைசி அரை கிகாபைட் மற்றதைவிட மிக மெதுவாக ஓடுவது பின்னர் தெரிந்தது. அமெரிக்காவில் வாங்கியவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2016ல் கார்டுக்கு 30 டாலர் வீதம் தருவதாக என்விடியா சமரசம் செய்துகொண்டது. தொகை பெரிதல்ல. ஆனால் நினைவகம் இருப்பது மட்டும் போதாது, அது என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதும் விற்பனைப் பேச்சின் ஒரு பகுதி என்று கம்பெனிக்குப் பணம் கட்டிப் புரியவைத்தார்கள். இந்தியாவில் அதே கார்டை வாங்கியவர்களுக்கு அந்த முப்பது டாலரில் பங்கு கிடையாது.

சிக்கரிக்கு அச்சிடுகிற மாதிரி, கார்டின் பெட்டியிலும் லேப்டாப்பின் ஸ்டிக்கரிலும் அந்த நாலைந்து எண்களை அச்சிட்டாக வேண்டும் என்று ஒரு விதி போதும். கம்பெனிகளுக்கு இதில் செலவு, கொஞ்சம் கூடுதல் மை. அந்த விதி வரும்வரை, லாமிங்டன் ரோட்டிலும் ரிச்சி தெருவிலும் காப்பிப்பொடி வாங்குகிற கண்டிப்போடுதான் கார்டு வாங்க வேண்டியிருக்கும்.